முகமாலையிலோ வன்னியிலோ காணி இருக்கிறதா? மண்வெட்டி எடுப்பதற்கு முன் மிதிவெடி விஷயத்தில் செய்ய வேண்டியவை

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் வடக்கில் பல குடும்பங்கள் தங்கள் காணிக்கு இப்போதுதான் திரும்பிப் போகத் தொடங்கியிருக்கின்றன. சிலருடைய காணியை இராணுவம் அண்மையில்தான் விட்டது. சிலருக்கு உறுதியைத் தேடி எடுக்கவே இத்தனை காலம் போய்விட்டது. வேறு சிலர் வெளிநாட்டில் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, ஒரு சின்ன வீடாவது கட்டுவோம் என்று வருகிறார்கள்.

எங்கள் குடும்பக் காணி பளைப் பக்கம், பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் இருக்கிறது. அதில் ஒரு கிணற்றை இறைத்து, வேலி போட்டு, நாலு தென்னம்பிள்ளை நடுவதற்குள் நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. மிதிவெடி விஷயத்தில் எந்தக் கந்தோரில் எதைக் கேட்பது என்று ஒழுங்காகச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஓர் இடத்தில் கேட்டால் அடுத்த இடத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். நீங்களும் அப்படி அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அந்தப் பக்கம் எல்லாம் கிளியர் பண்ணிப்போட்டாங்கள்" என்று யார் சொன்னாலும், அதை உங்கள் காணிக்கான பதிலாக எடுக்காதீர்கள். மிதிவெடி அகற்றப்பட்ட நிலத்துக்கு வரைபடத்தில் ஓர் எல்லை உண்டு, தோண்டிப் பார்த்த ஆழத்துக்கும் ஓர் அளவு உண்டு. உங்கள் வேலி அந்த எல்லைக்குள் விழுகிறதா என்பதுதான் கேள்வி. கீழே வருகிற படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

1. காணிக்குப் போக முன் பத்திரத்தைத் தேடுங்கள்

ஆர்வத்தில் எல்லோரும் முதலில் காணியைத்தான் பார்க்க ஓடுகிறார்கள். வேண்டாம். பத்திரம் இல்லாமல் போனால் எது உங்கள் எல்லை என்றே தெரியாமல் பற்றைக்குள் நிற்பீர்கள். வேலியும் இல்லை, அடையாள மரமும் இல்லை, முகமாலைப் பக்கம் பாதிப் பனைகளுக்குத் தலையும் இல்லை. பிள்ளைக் காலத்து ஞாபகத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை:

- காணி உறுதி. அரச காணி என்றால் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம்.
- நில அளவைப் படம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.
- உங்கள் தேசிய அடையாள அட்டை. காணி பெற்றோர் பெயரில் இருந்தால் அவர்களுடைய இறப்புச் சான்றிதழும் உங்கள் பிறப்புச் சான்றிதழும்.
- குடும்ப அட்டை அல்லது இடப்பெயர்வுக்கு முன் அங்கே இருந்ததைக் காட்டும் வேறு எந்தப் பழைய ஆவணமும்.

உறுதி இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ, ஆண்டோ, ஏதாவது ஒரு நுனி தெரிந்தால் தேடுவது சுலபம். ஒன்றுமே தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். அதில் எல்லை சொல்லும் இடத்தில் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அனுமதிப்பத்திரக் காணியில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்திரக்காரர் இறந்துவிட்டால் பின்னுரித்தாளர் யார் என்பது பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் தீர வேண்டும். மிதிவெடிப் பிரச்சினைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் பின்னால் கடிதம் எழுதும்போது "நீங்கள் யார்?" என்ற கேள்வி வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துவிடுவது நல்லது. அந்தந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இலங்கையில் பதிந்த பிறகுதான் கந்தோரில் அதை எடுப்பார்கள். விடுமுறைக்கு வந்து நிற்கும் கொஞ்ச நாளுக்குள் எல்லாவற்றையும் முடிக்கலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். முடியாது.

2. கிராம அலுவலரிடம் நாலு கேள்வி கேளுங்கள்

அடுத்தது விதானையார். காணி இருக்கும் பிரிவின் கிராம அலுவலரிடம் போக வேண்டும், நீங்கள் இப்போது வசிக்கும் பிரிவின் அலுவலரிடம் இல்லை. அவர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று முதலிலேயே போன் எடுத்துக் கேளுங்கள். மற்ற நாட்களில் களவேலைக்குப் போய்விடுவார்கள், பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

அவரிடம் "காணிக்குப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "போகலாம்தானே" என்று பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

இந்தத் துண்டு எப்போதாவது மிதிவெடி அபாயப் பகுதியாகப் பதியப்பட்டிருந்ததா? அகற்றினது எந்த அமைப்பு, எந்த ஆண்டு? முடித்துக் கையளித்த பத்திரம் பிரதேச செயலகத்துக்கு வந்துவிட்டதா? பக்கத்தில் இன்னும் அகற்றாத பகுதி ஏதும் இருக்கிறதா?

நாலாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் காணி சுத்தமாக இருந்தாலும், அதற்குப் போகும் ஒழுங்கை சுத்தமில்லாமல் இருக்கலாம். மாடு கட்டப்போகும் இடமும், விறகு பொறுக்கப்போகும் இடமும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

இந்தப் படியில் பலர் விழுகிற குழிகள் மூன்று.

ஒன்று: இராணுவம் காணியை விடுவித்ததும், மிதிவெடி அகற்றியதும் வேறு வேறு அலுவல். முகாம் இருந்த காணியை ஒரு நிகழ்வு வைத்துக் கையளிப்பார்கள், பத்திரிகையிலும் படம் வரும். அந்தக் கடிதம் காணியை உங்களிடம் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு முடிவறிக்கை வேண்டும். முகாமைச் சுற்றித்தான் பாதுகாப்புக்கு மிதிவெடி புதைப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு: "அங்கை ஆக்கள் வீடு கட்டி இருக்கினம்தானே." இருக்கலாம். முகமாலை, இத்தாவில், கிளாலிப் பக்கங்களில் முன்னரங்கு வரிசைகள் நீளக் கோடாகப் போனவை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் மாடிவீடு கட்டியிருக்க, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் மிதிவெடி அபாயத்தைக் காட்டும் சிவப்புத் தலைக் குச்சி நிற்பது சாதாரணம்.

மூன்று: "மாடு மேயுது, ஒண்டும் வெடிக்கேல்லை." மாடு மிதிக்காத இடத்தை நீங்கள் மண்வெட்டியால் கொத்துவீர்கள். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

3. வரைபடத்தில் உங்கள் துண்டைக் கண்டுபிடியுங்கள்

நான் அதிகம் மினக்கெட்டது இந்தப் படியில்தான். மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானதும் இதுதான்.

இலங்கையில் மிதிவெடி அகற்றும் வேலைகளைத் தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையம் ஒருங்கிணைக்கிறது. கிளிநொச்சியில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. களத்தில் வேலை செய்வது ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும். எந்தத் துண்டை எந்த அமைப்பு செய்தது, எப்போது முடிந்தது, எந்த எல்லைக்குள் முடிந்தது என்ற பதிவு பிராந்திய அலுவலகத்தில் இருக்கும். முடித்த பகுதிகளின் பத்திரங்கள் மாவட்டச் செயலகம் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும் வரும்.

சிக்கல் எங்கே என்றால், மிதிவெடி வரைபடம் ஜிபிஎஸ் புள்ளிகளில் இருக்கும், உங்கள் உறுதி பரப்பிலும் பேர்ச்சிலும் "வடக்கே வல்லிபுரத்தின் காணி" என்ற பாணியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. பேச வைப்பதற்கு இரண்டு வழி உண்டு.

நல்ல வழி, அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைப் பிடித்து, உங்கள் படத்தின் மூலைகளுக்கு ஜிபிஎஸ் புள்ளி எடுத்துத் தரச் சொல்வது. ஆனால் அவரைக் காணிக்குள் இறக்க முன், அந்த இடம் அபாயப் பட்டியலில் இல்லை என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திவிடுங்கள். பட்டியலில் இருந்தால், பழைய நில அளவைப் படத்தையும் வீதியையும் வைத்து வெளியே நின்றே எவ்வளவு கணிக்க முடியுமோ அவ்வளவுதான். கட்டணம் தூரத்தையும் காணியின் அளவையும் பொறுத்து மாறும். ஒருவரோடு நிற்காமல் இரண்டு பேரிடம் கேளுங்கள், போக்குவரத்துச் செலவு சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மற்ற வழி, பிராந்திய அலுவலகத்துக்கு உங்கள் படத்தின் பிரதியைக் கொண்டுபோய், அவர்களுடைய வரைபடத்தில் பக்கத்து வீதி, கோயில், குளம், ரயில் பாதை என்று அடையாளம் பிடித்துப் பார்ப்பது. இது அண்ணளவுதான். உங்கள் காணி பழைய அரண் வரிசைகளில் இருந்து நல்ல தூரம் தள்ளி இருந்தால் இது போதும். ஓரத்தில் இருந்தால் போதாது.

வாய்ப் பதிலோடு திரும்பி வராதீர்கள். கடிதமாகக் கொடுங்கள், கடிதமாகக் கேளுங்கள். கடிதத்தில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, காணியின் அளவு, உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கம், எதற்காகக் காணிக்குப் போகிறீர்கள் (வீடா, பயிரா, கிணறா) எல்லாம் இருக்கட்டும். நில அளவைப் படத்தின் பிரதியை இணையுங்கள். நீங்கள் வைத்திருக்கும் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். குத்தித்தரச் சிலர் பஞ்சிப்படுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். அவர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "எனது காணி அமைந்துள்ள பகுதியில் மிதிவெடி அகற்றல் முடிவறிக்கையும் எல்லை வரைபடமும்" என்று நேராகக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால், கடிதம் போட்டுக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு இதைத் தயங்காமல் போடுங்கள். சண்டை பிடிப்பதாக யாரும் நினைக்கப் போவதில்லை.

4. காணி இன்னும் பட்டியலில் இருந்தால், அல்லது சந்தேகம் இருந்தால்

அகற்றித் தருவதற்கு உங்களிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. வேலை முழுக்க வெளிநாட்டு நன்கொடையிலும் அரச செலவிலும் நடக்கிறது. "கெதியாகச் செய்து தரலாம்" என்று யாராவது காசு கேட்டால் அது மோசடி. தனியாக மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் வந்தால் படலைக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். இந்த மண்ணில் புதைத்தவற்றில் பல பிளாஸ்டிக்கும் மரமும். இராணுவம் வைத்த பாகிஸ்தான் பி4 போன்றவற்றில் உலோகம் மிகக் குறைவு. புலிகளின் ஜொனி ஒரு சின்ன மரப்பெட்டி, ரங்கன் 99 பிளாஸ்டிக். மறுபக்கம், மண் முழுக்க ஷெல் சிதறல், கருவி தொடர்ந்து கத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் பயிற்சி பெற்றவர்களே பல இடங்களில் விறாண்டியால் மண்ணை அங்குலம் அங்குலமாக வாரி எடுக்கிறார்கள்.

கோரிக்கையைக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்து, பிரதியைப் பிராந்திய அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். முதலில் வருவது மண் தோண்டும் அணி இல்லை, விசாரிக்கும் அணி. ஊரவரிடம் பேசி, எங்கே அரண் இருந்தது, எங்கே யார் காயப்பட்டார்கள், எங்கே மாடு செத்தது என்று குறித்துக்கொள்வார்கள். அந்த நாளில் நீங்களோ உங்கள் ஆளோ கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். யுத்த காலத்தில் அங்கே இருந்த வயதான ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மண் அணை எந்தப் பக்கம் பார்த்தது என்று அவருக்குத் தெரிந்தால் அது பெரிய உதவி, ஏனென்றால் மிதிவெடி வரிசை அணைக்கு முன்னால்தான் இருக்கும். முன்னாள் போராளி ஒருவர் சொல்லக்கூடும் என்றால் அவரையும் கேளுங்கள். அவர் பெயர் வெளியே வரக்கூடாது என்று விரும்பினால், அணியோடு தனியாகப் பேச ஒழுங்கு செய்யலாம்.

எவ்வளவு காலம்? யாராலும் திகதி தர முடியாது. மீள்குடியேற்றம், வயல், பாதை, பாடசாலை என்று முன்னுரிமை போடுவார்கள். "எதிர்காலத்தில் வீடு கட்ட யோசனை" என்று எழுதும் காணியை விட, "இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம், இந்தக் காணியைத் தவிர வேறு இல்லை" என்று எழுதும் காணி முன்னுக்கு வரும். அது உண்மையாக இருந்தால் அப்படியே எழுதுங்கள். மாரியில் தாழ்ந்த நிலங்களில் வேலை நிற்கும். நிதி குறைந்தால் அணிகளும் குறையும். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். அந்தத் திகதியைக் கடிதத்தில் குறிப்பிட்டுக் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி வீட்டுக்கு அத்திவாரக் கல் வாங்கி வைக்காதீர்கள்.

வேலை நடக்கும்போது பார்க்கப் போனால் அணித் தலைவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். வெளியாள் உள்ளே வந்தால் எல்லோரும் வேலையை நிறுத்த வேண்டும், அது அவர்களுடைய விதி. அந்த வெயிலில் முகக்கவசத்தோடும் பாரமான அங்கியோடும் குந்தியிருந்து வேலை செய்பவர்களில் நிறையப் பேர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவதாக இருந்தாலும் ஓய்வு நேரம் பார்த்துக் கொண்டுபோங்கள்.

5. கையளிக்கும் நாளில்

முடிவறிக்கையில் மூன்று இடங்களைப் பாருங்கள்: எல்லைப் புள்ளிகள், முடித்த திகதி, எந்த ஆழம் வரை தேடினார்கள் என்பது. கொப்பி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அணியில் ஒருவரோடு எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் போனில் படம் எடுங்கள். படத்தில் தூரத்து வீடோ கோபுரமோ தெரியும்படி எடுத்தால் பின்னால் பயன்படும்.

சிவப்புத் தலைக் குச்சி நின்றால் அதற்கு அப்பால் போகக் கூடாது. மண்டையோட்டுப் படத்தோடு மூன்று மொழியில் எழுதிய சிவப்புப் பலகையும் அதைத்தான் சொல்கிறது. அந்தக் குச்சிகளைப் பிடுங்கி வேலிக்கு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விறகுக்கு எடுத்தவர்களும் உண்டு. அதனால் பலகை இல்லாத இடம் எல்லாம் சுத்தமான இடம் என்றும் நினைக்காதீர்கள்.

6. பற்றை வெட்டுவது, கிணறு இறைப்பது, உழுவது

பத்திரம் கையில் வந்த பிறகுதான் பலர் கவனத்தை விடுகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

குப்பையையோ வெட்டிய பற்றையையோ காணிக்குள் கொளுத்தாதீர்கள். வடக்கில் குப்பைக்குத் தீ வைத்தபோது வெடித்தது என்று இன்றும் செய்தி வருகிறது. மண்ணுக்குக் கீழே ஒரு கைக்குண்டோ எறிகணையின் உருகியோ இருந்தால் சூடு போதும். வெட்டியதை ஓரமாகக் குவித்து உக்கவிடுங்கள். கொளுத்தினால்தான் தீரும் என்றால் அந்தத் தரையை முதலில் பார்த்துத் தரும்படி அணியைக் கேளுங்கள்.

பழைய கிணற்றில் ஆளை இறக்காதீர்கள். குறிப்பாகப் புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, ஆனந்தபுரம், முள்ளிவாய்க்கால் பக்கம். கடைசிக் காலத்தில் கிணற்றுக்குள்ளும் பதுங்கு குழிக்குள்ளும் ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் போன இடங்கள் இருக்கின்றன. மோட்டரால் இறைத்து, தண்ணீர் வற்றியதும் மேலே நின்று பார்த்து, சேற்றுக்குள் உலோகமாக எதுவும் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முகமாலை போன்ற நீண்டகால முன்னரங்கில் முதல் பிரச்சினை வரிசையாகப் புதைத்த மிதிவெடி. முல்லைத்தீவின் கடைசிச் சண்டை நடந்த இடங்களில் எங்கும் சிதறிக் கிடக்கும் வெடிக்காத எறிகணை, ஆர்பிஜி, கைக்குண்டு. முதலாவதில் எல்லைக் கோடு உங்களைக் காப்பாற்றும். இரண்டாவதில் கோடு என்று ஒன்று இல்லை. மேல் மண்ணில் கிடந்ததை எடுத்துவிட்டார்கள், ஆனால் வேகமாக வந்து விழுந்த ஷெல் ஆழத்தில் நிற்கலாம். எனவே அந்தப் பக்கம் கிணறு வெட்டுவது, மலசலகூடக் குழி எடுப்பது, அத்திவாரம் போடுவது எல்லாம் முடிவறிக்கையில் எழுதிய ஆழத்துக்குக் கீழே போகும் வேலை. தொடங்க முன் பிராந்திய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டு, அந்த இடத்தை மட்டும் பார்த்துத் தரக் கேளுங்கள்.

ஜே.சி.பி. பிடிப்பதாக இருந்தால் ஓட்டுபவருக்கு எல்லையை நடந்து காட்டுங்கள். மணித்தியாலக் கணக்கில் காசு என்பதால் அவர் அவசரப்படுவார், நீங்களும் அவசரப்படுவீர்கள். வாளியில் ஏதாவது தட்டுப்பட்டால் உடனே நிறுத்துவது என்றும், நின்ற நேரத்துக்குக் காசு என்ன கணக்கு என்றும் முதலே பேசி வைத்தால், காசுக்காக அவர் தொடர்ந்து வாரமாட்டார். உழவு இயந்திரத்துக்கும் இதே பேச்சுத்தான். வெளி மாவட்டத்தில் இருந்து கூலிக்கு வருபவர்களுக்கு இந்த மண்ணின் கதை தெரியாது. அவர்களுக்கு நீங்கள் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

மாரி முடிந்ததும் ஒருமுறை எல்லை ஓரத்தையும் வாய்க்கால் கரையையும் பார்வையிடுங்கள். வெள்ளம் மண்ணை அரித்தால் மூடிக் கிடந்தது வெளியே வரும், மேட்டில் இருந்தது பள்ளத்துக்கும் வரும்.

7. ஏதாவது கண்ணில் பட்டால்

தொடாதீர்கள். தடியால் தட்டாதீர்கள். கல் எறியாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். மரப்பெட்டி உக்கியிருந்தாலும், இரும்பு கறள் பிடித்திருந்தாலும் உள்ளே இருப்பது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கறள் பிடித்தது இன்னும் மோசம்.

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கூட வந்தவர்களைக் கத்தி நிறுத்துங்கள். வந்த வழி பாதுகாப்பானது என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதே அடித்தடத்தில் திரும்புங்கள். தெரியாவிட்டால் அசையாமல் நின்று ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு மிதிவெடி தெரிந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், தனியாக ஒன்றைப் புதைக்க யாரும் வருவதில்லை. வெளியே வந்த பிறகு பாதுகாப்பான தூரத்தில் ஒரு துணியோ கிளையோ கட்டி அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அழையுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் மிதிவெடி அகற்றும் அணி வேலை செய்துகொண்டிருந்தால் அவர்களிடமும் சொல்லலாம்.

பிறகு நடப்பது இதுதான். பொலிஸ் வந்து இடத்தைப் பார்த்து, உங்களிடம் வாக்குமூலம் எடுத்து, நீதிமன்றத்துக்கு அறிவிக்கும். நீதவானின் உத்தரவு வந்ததும் விசேட அதிரடிப் படையின் அல்லது இராணுவத்தின் செயலிழக்கச் செய்யும் பிரிவு வரும். இதற்குச் சில நாட்கள் ஆகலாம், வார இறுதி இடையில் வந்தால் இன்னும் தள்ளும். அதுவரை வேலை நிற்கும், மேசனின் நாட்கூலி போகும். இந்தத் தாமதத்துக்கும் பொலிஸ் விசாரணைக்கும் பயந்துதான் பலர் சொல்லாமல் தூக்கிப் பக்கத்துப் பற்றைக்குள் எறிகிறார்கள். சொன்னவருக்கு ஒரு வாக்குமூலத்தோடு முடியும். ஒளித்தவரிடம் வெடிபொருள் பிடிபட்டால் அது வழக்கு. பையில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் வேண்டாம், அப்படியும் செய்கிறார்கள்.

8. பிள்ளைகளும் பழைய இரும்பும்

ஷெல்லில் மினுங்கும் செம்பு வளையத்துக்கும் இரும்புக்கும் கிலோ விலை உண்டு. அதற்காகவே ஷெல்லை உடைத்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். பழைய இரும்பு வாங்க வருபவரைக் காணிக்குள் தேடிப்பொறுக்க விடாதீர்கள். புலிகள் தங்கம் புதைத்தார்கள் என்று இரவில் தோண்ட வருபவர்களையும்தான். அது சட்டப்படியும் குற்றம்.

ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் மிதிவெடி அபாயக் கல்வி கிடைத்திருக்கும், படத்தைக் காட்டினால் பெயர் சொல்வார்கள். விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் தெரியாது. காணிக்குக் கூட்டிப்போக முன் அவர்களுக்கு விளங்கும் மொழியில், விளங்கும் வரை சொல்லுங்கள்.

9. ஒருவர் காயப்பட்டால்

தூக்க ஓடாதீர்கள். ஒரு வெடி வெடித்த இடத்தில் அடுத்ததும் இருக்கும், தூக்கப் போனவர்களும் கால் இழந்த கதைகள் நிறைய. காயப்பட்டவரை அசையாமல் இருக்கச் சொல்லி, இரத்தம் போகும் இடத்துக்கு மேலே சாரத்தையோ பெல்ட்டையோ இறுக்கிக் கட்டச் சத்தமாகச் சொல்லுங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 119க்கும் அழைத்து வெடிவிபத்து என்று சொல்லுங்கள்.

பின்னால் உதவிகளுக்கு விண்ணப்பிக்க மருத்துவமனையின் நோய்நிர்ணய அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் மூன்றும் தேவைப்படும். பிரதேச செயலகத்தின் சமூகசேவை அலுவலரிடம் இவற்றோடு போங்கள். செயற்கைக் காலுக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிறுவனத்தை நாடலாம்.

10. செலவும் காலமும்

மிதிவெடி தொடர்பான அளவை, அகற்றல், வெடிபொருளைச் செயலிழக்கச் செய்வது எல்லாம் இலவசம். உங்கள் கையால் போவது பதிவகப் பிரதிக்கான கட்டணம், நில அளவையாளர், அற்றோணித் தத்துவம் எழுதும் சட்டத்தரணி, பற்றை வெட்டும் இயந்திரம், போட்டோக் கொப்பி, பஸ் காசு. இதில் பெரியவை நில அளவையாளரும் இயந்திரமும்தான். இயந்திரத்துக்கு நினைத்ததை விடக் கூடுதலாக ஒதுக்குங்கள், எப்படியும் இடையில் ஒரு தரம் நிறுத்த வேண்டி வரும்.

காலத்தைப் பின்னாலிருந்து கணக்குப் பாருங்கள். காலபோகத்துக்குப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்க வேண்டும் என்றால் ஆவணிக்குள் பற்றை வெட்டி முடிய வேண்டும். அதற்கு வைகாசியிலாவது வரைபடப் பதில் கையில் இருக்க வேண்டும். கடிதம் போடுவது, பதில் வராமல் தகவல் உரிமை விண்ணப்பம் போடுவது, நில அளவையாளர் வருவது என்று எல்லாம் சேர்த்தால் பத்திர வேலையைத் தைப்பொங்கலோடு தொடங்க வேண்டும். காணி இன்னும் அபாயப் பட்டியலில் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அந்தப் போகத்தை விட்டுவிட்டு நாலாவது படியில் சொன்ன கோரிக்கையை முதலில் கொடுங்கள்.